மெருகு அண்ணனின் ஈக்குவலைசர்

எங்கள் பல் கூடத்தில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. செய்த பல்லுக்கு மெருகு போடுவது அவர் வேலை. அதனால் மெருகு அண்ணன். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். அதைப் பார்த்து, அண்ணனுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து நான் மெழுகில் பல்லை வடிப்பேன். அது உலோகமாக மாறி வந்ததும் கடைசியில் அண்ணன் கைக்குப் போகும். அவர் கையில் பேனா கனத்தில் ஒரு மோட்டார், அதன் நுனியில் கடுகளவு கல். அதை வைத்து அவர் தேய்த்துக் கொடுத்த பல்லை மாட்டிக்கொண்டால் எது சொந்தப் பல், எது செய்த பல் என்று நாக்குக்கே தெரியாது.

அந்த மோட்டார் போடும் கீச்சுச் சத்தம் பல் டாக்டரிடம் போனவர்கள் எல்லாருக்கும் பழக்கம்தான். நீங்கள் ஐந்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள். எங்களுக்கு அது காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரைக்கும். தூசிக்கு மூக்கில் மாஸ்க் உண்டு. தெறிக்கும் துகளுக்குக் கண்ணாடி உண்டு. இரண்டில் ஒன்று இல்லாமல் உட்கார்ந்தால் முதலாளி கத்துவார். காதுக்கு ஒன்றும் கிடையாது. காதுக்கு அண்ணன் பாட்டுப் போடுவார்.

நடந்ததை நினைத்தால் இன்னும் எனக்குத் திக்கென்று இருக்கிறது. அதனால் முன்னே பின்னே சொன்னாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூடத்து மூலையில் ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு ஸ்பீக்கரும் உண்டு. பாட்டு ஓடும்போது திரையில் ஈக்குவலைசர் என்று ஒரு பெட்டியைத் திறந்து வைத்திருப்பார் அண்ணன். அதில் பத்துக் கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் மேலும் கீழும் நகர்த்த ஒரு பொத்தான். இடது பக்கம் இருப்பவை தடித்த சத்தத்துக்கு, அதாவது மேளம், கனத்த குரல். வலது பக்கம் போகப் போகச் சத்தம் மெலிந்து கீச்சென்று ஆகும். ஜால்ராவின் சிலிர்ப்பும் பாடுகிறவர் மூச்சு இழுப்பதும் அங்கேதான். எல்லாப் பொத்தானையும் நடுவில் நிறுத்தினால் பாட்டு பதிந்தபடியே வெளியே வரும். அது அண்ணனுக்கு ஆகாது.

"அச்சுல வந்த பல்லை அப்படியேவா வாயில மாட்டுறோம்? தேய்ச்சுத்தான மாட்டுறோம். பாட்டும் அப்படித்தாம்மா" என்பார்.

அவர் செட்டிங் பார்க்க மாடிப்படி மாதிரி இருக்கும். இடது ஓரத்தைக் கொஞ்சம் தணித்து, நடுவைத் தொடாமல், வலது பக்கம் ஒவ்வொன்றாக உயர்த்துவார். உயர்த்திவிட்டு மொத்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைப்பார். இல்லாவிட்டால் சத்தம் கிழியும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தப் படி முழங்கால் உயரம் என்று வையுங்கள். வருஷத்துக்கு வருஷம் ஏறி, இப்போது கடைசி மூன்று பொத்தான்களும் கூரையை முட்டிக்கொண்டு நின்றன. முட்டட்டுமே, பாட்டு தெளிவாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது அவ்வளவு பிடிக்கும்.

கூடத்தோடு விட்டாரா என்றால் இல்லை. சொந்தக்காரர்களில் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். தம்பி வீடு, மச்சான் வீடு, சகலை வீடு, ஒன்று பாக்கியில்லை. போய் உட்கார்ந்து செட்டிங்கை ஏற்றி, ஒரு பாட்டைப் போட்டு, எல்லார் முகத்தையும் பார்ப்பார். எல்லாரும் தலையை ஆட்ட வேண்டும். ஒரு தடவை சகலை, "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்று வாயை விட்டுவிட்டார். பாவம், அதற்குப் பிறகு வந்த ஒரு விசேஷத்திலும் அண்ணன் அவர் பக்கம் திரும்பவில்லை. வீட்டுப் பெண்கள் சேர்ந்து சமாதானம் செய்து வைக்கப் பெரும்பாடு பட்டார்கள்.

என் வீட்டிலும் ஏற்றிக் கொடுத்தார். அதை வைத்து எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடந்த சண்டை கொஞ்சமல்ல. நான் ஏற்றி வைப்பேன், அவர் இறக்கி வைப்பார். "காதுக்குள்ள குச்சியை விட்டுக் குடையற மாதிரி இருக்குடி" என்பார். ரசனை கெட்ட மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டேன் என்று நான் அண்ணனிடம் போய் அழுவேன். "விடும்மா, சில பேருக்குக் காது அவ்வளவுதான்" என்று அவர் ஆறுதல் சொல்வார்.

அண்ணனுக்கு ஒரே மகள், பாப்பா. கல்லூரி முடித்தவளை இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம். அவளுக்கு நல்ல குரல். புத்தகங்களைக் குரலில் பதிவு செய்து விற்கும் ஒரு கம்பெனி, ஒரு பக்கம் படித்து மாதிரி அனுப்பச் சொல்லியிருந்தது. வீட்டில் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு அவள் படித்துப் பதிந்தாள். அதைத் தன் செட்டிங்கில் ஓட்டி மெருகேற்றும் பொறுப்பை அண்ணன் எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டார் என்ன, பிடுங்கிக்கொண்டார். ஒரு விடுமுறை நாள் முழுக்க அதிலேயே உட்கார்ந்தாராம். அனுப்பினார்கள். வேலை கிடைத்துவிட்டது.

மறுநாள் அவர் கூடத்துக்குள் வந்த வரத்தைப் பார்க்க வேண்டும். கால் தரையில் பாவவில்லை. மோட்டாரைப் போடக்கூட இல்லை; நேராகக் கம்ப்யூட்டரிடம் போய் பென் டிரைவைச் செருகினார். "எல்லாரும் வாங்க, வேலை வாங்கிக் குடுத்த சவுண்டைக் கேளுங்க" என்றார். நானும் உலோகம் வார்க்கும் பெரியவரும் அவருக்கு இரண்டு பக்கமும் நின்றோம். முன் அறையிலிருந்து புதிதாகச் சேர்ந்த ஆபீஸ் பெண்ணும், பல் பெட்டிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வண்டிக்காரரும் எட்டிப் பார்த்தார்கள்.

பாப்பாவின் குரல் வந்தது. ஒவ்வொரு எழுத்தும் பிரித்து வைத்தாற்போல் சுத்தமாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வார்ப்புக்காரர், "அடேங்கப்பா, பக்கத்துல நின்னு பேசற மாதிரி இருக்கே" என்றார்.

ஆபீஸ் பெண் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள்.

"சார், கொஞ்சம் நிறுத்துங்களேன். கேக்க முடியல. ஊசி குத்தற மாதிரி இருக்கு" என்றாள்.

அவள் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அண்ணனைப் பற்றி யாரும் அவளுக்குச் சொல்லி வைக்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் அவளைப் பார்த்த பார்வையில் அவளுக்கு வேர்த்திருக்கும். அண்ணன் வண்டிக்காரர் பக்கம் திரும்பி, "நீ சொல்லுப்பா, எப்படி இருக்கு?" என்றார். வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார். "அந்தப் பொண்ணு சொல்றது சரிதாண்ணே. ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். இந்தப் பாட்டுக்கு பயந்துதான் நான் பெட்டியை வாசல்லயே வெச்சு வாங்கிக்கறது" என்றார். சத்தம் கேட்டு முதலாளி வந்தார். வந்தவர் விஷயத்தைக்கூடக் கேட்கவில்லை. "யாருய்யா அது, முதல்ல அதை அணைங்க" என்று விரலைக் காதில் விட்டுக்கொண்டு, வந்த வழியே போய்விட்டார்.

வேலை மேசைக்காரர்கள் மூன்று பேருக்கும் பிரமாதம். முன் அறைக்காரர்கள் மூன்று பேருக்கும் நரகம். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து போன் பேசுகிறவர்களுக்கு சங்கீதம் எங்கே விளங்கப்போகிறது என்று நான்தான் வாய் கிழியப் பேசினேன். அண்ணன் மட்டும் மோட்டாரை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவர் மெருகு போட்ட இரண்டு பல்லைத் திரும்பத் தேய்க்க வேண்டியிருந்தது. அப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

சாயங்காலம் மாஸ்க்கைக் கழற்றியபடி, "ஏம்மா, ஒருவேளை எனக்குத்தான் எதுவும் கோளாறோ?" என்று கேட்டார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

"உங்களுக்கு என்னண்ணே கோளாறு? வாங்க, அண்ணிகிட்டயே கேப்போம். பாப்பாவுக்கு வேலை கிடைச்சது எதால? நானே வந்து சாட்சி சொல்றேன்" என்று அவரோடு கிளம்பினேன். அவர் வீடு என் வீட்டுக்குப் போகும் வழியில்தான்.

அண்ணி கட்டிலில் துவைத்த துணியைக் குவித்து மடித்துக்கொண்டிருந்தார். பாப்பா தரையில் உட்கார்ந்து புது வேலைக்கான தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன். ஆபீஸ் பெண் சொன்னது, வண்டிக்காரர் சொன்னது, முதலாளி விரலை விட்டுக்கொண்டது எல்லாவற்றையும் கொஞ்சம் கை கால் வைத்தே சொன்னேன். அண்ணியும் சேர்ந்து அந்தப் பெண்ணைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் துணி மடிக்கும் வேகம்தான் கூடியது.

"நீ சொல்லு பாப்பா. கம்பெனிக்காரங்க சவுண்டைப் பத்தி என்ன சொன்னாங்க?" என்றார் அண்ணன்.

பாப்பா அம்மாவைப் பார்த்தாள். அம்மா பாப்பாவைப் பார்த்தார்.

"அப்பா, கோவப்படாம கேளுங்க. நீங்க செட் பண்ணிக் குடுத்ததை நான் அனுப்பல. வெறுமனே பதிஞ்சது இருந்துச்சுல்ல, அதைத்தான் அனுப்புனேன்."

அண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார். கோபம் வரும் என்று நான் பயந்தேன். கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏன்?"

"கேக்க முடியலப்பா."

"அப்போ இந்த வீட்ல பாட்டு?"

அதற்கு அண்ணி பதில் சொன்னார், துணியைப் பார்த்தபடியே. "நீங்க வேலைக்குப் போனதும் எல்லாத்தையும் நடுவுல இறக்கி வெச்சுருவோம். சாயங்காலம் படியில உங்க செருப்புச் சத்தம் கேட்டா பாப்பா ஓடிப்போய் ஏத்தி வெச்சுருவா."

"தம்பி வீட்ல?"

"நீங்க இங்க கிளம்பும்போது நான் அங்க போன் பண்ணிச் சொல்லிருவேன். அவங்களும் ஏத்தி வெச்சுருவாங்க."

"சகலை வீட்ல?"

"அவங்களும்தான்."

எனக்குத் தலை சுற்றியது. ஒரு குடும்பம் முழுக்க, ஊர் முழுக்க இருக்கிற சொந்தம் முழுக்க, இந்த மனுஷன் படியேறும்போது பொத்தானை ஏற்றியும் இறங்கும்போது இறக்கியும் வைத்திருக்கிறது. ஒருவர்கூட முகத்தில் காட்டவில்லை. இவ்வளவு பெரிய ஏமாற்றுவேலையை இவ்வளவு பிரியமாகச் செய்தவர்களை நான் பார்த்ததே இல்லை. எனக்கு அண்ணி மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அண்ணன் நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தார். "எத்தனை வருஷமா?" என்றார்.

"முதல்ல நல்லாத்தாங்க இருந்துச்சு. சத்தியமா நல்லா இருந்துச்சு. நானே பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிட்டுக் கேக்க வெச்சிருக்கேன். அப்புறம் நீங்க ஏத்திக்கிட்டே போனீங்க. சொன்னா சாப்பிடாம படுத்துருவீங்க. பாட்டுதான, அவர் ருசி அப்படின்னு விட்டுட்டோம்." அண்ணியின் குரல் உடைந்தது. "ருசின்னுதாங்க நினைச்சோம்."

"அந்த வெறும் பதிவைப் போடு பாப்பா" என்றார் அண்ணன்.

பாப்பா எழுந்து, பொத்தான்களை எல்லாம் நடுக்கோட்டுக்கு இறக்கி, கம்பெனிக்கு அனுப்பியதைப் போட்டாள். கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரோ படிப்பது போல இருந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஸ்பீக்கர் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்.

"இது பாப்பா குரலே இல்லையே" என்றார்.

"இதுதாங்க அவ குரல்" என்றார் அண்ணி.

"அண்ணன் சொல்றதுதான் சரி" என்று நான் குறுக்கே பாய்ந்தேன். சாட்சி சொல்லத்தானே வந்திருக்கிறேன். "மூடி போட்ட மாதிரி இருக்கு. நம்ம பாப்பா பேச்சு இவ்வளவு மந்தமாவா இருக்கும்?"

அண்ணி அப்போதுதான் முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரியவில்லை.

"அப்பா, கம்பெனில எங்க எல்லாருக்கும் ஒரு சோதனை வெச்சாங்க. அதைப் போடறேன்" என்றாள் பாப்பா. ஒரே ஒரு ஓசை. தடித்து ஆரம்பிக்கும், நிற்காமல் மெலிந்து கீச்சாகிக்கொண்டே போகும். கேட்கும் வரை கையைத் தூக்கி வைத்திருக்க வேண்டும். கேட்காமல் போனதும் இறக்கிவிட வேண்டும். "எல்லாரும் தூக்குங்க" என்றாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நாலு பேரும் கையைத் தூக்கினோம். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

முதலில் தேன்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்பது மாதிரி ஓர் இரைச்சல். அது உயர்ந்து விசில் ஆனது. விசில் இன்னும் மெலிந்து மேலே ஏறியது. ஏறிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் கையை இறக்கினார்.

"நின்னுருச்சு" என்றார்.

"அண்ணே, நிக்கலையே, எனக்குக் கேக்குதே" என்றேன். சொல்லி வாயை மூடுவதற்குள் அது தேய்ந்து இல்லாமல் போனது. "ஆ, இப்ப நின்னுருச்சு" என்று நானும் கையை இறக்கினேன்.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது. அண்ணியின் கை இறங்கவில்லை.

பாப்பாவின் கையும் இறங்கவில்லை. நான் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். அது கோணிக்கொண்டு போனது. தூக்கிய கை தூக்கியபடியே இருக்க, மற்றக் கையால் ஒரு காதைப் பொத்தினார். கொஞ்ச நேரத்தில் அதுவும் தாங்காமல் இரண்டு கையாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "போதும் பாப்பா, அணைச்சுரு" என்றார். எதை அணைக்கச் சொல்கிறார்? ஒன்றும் இல்லாத ஒன்றைப் பாப்பா அணைத்தாள். அண்ணி கையை எடுத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

என் எதிரில் நிற்கும் மனுஷிக்குக் காது வலிக்கிற அளவுக்கு ஒரு சத்தம் அந்த அறையில் இருந்திருக்கிறது. நான் மின்விசிறியைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். வயசுக் கோளாறு என்று தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. அண்ணி என் அம்மாவுக்கு ஒரு தங்கை இருந்தால் அந்த வயசு. என் வீட்டுக்காரர் பொத்தானை இறக்கியதும், குச்சி என்று சொன்னதும், நான் அவரைப் பேசிய பேச்சும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து முகத்தில் அறைந்தன. ருசி கெட்டவர் அவர் இல்லை.

"மோட்டாராப்பா?" என்று பாப்பா மெதுவாகக் கேட்டாள். பின்னால் காது டாக்டர் சொன்னதும் அதைத்தான்: நாள் முழுக்கக் கேட்ட கீச்சுச் சத்தம், அந்தக் கீச்சுச் சத்தத்துக்கான காதையே தின்றுவிட்டது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். அண்ணனின் காதைச் சோதித்து அவர் வரைந்து கொடுத்த கோடு வலது பக்கம் எவ்வளவு இறங்கியதோ, அண்ணனின் பொத்தான்கள் அவ்வளவு ஏறியிருந்தன. ஆனால் அன்றைக்கு அந்த அறையில் எங்களுக்கு டாக்டர் தேவைப்படவில்லை.

அண்ணன் மகளைப் பார்த்தார். "உன் பேச்சு எனக்கு அந்த செட்டிங்லதான் முழுசா கேட்டுச்சு பாப்பா. அதனாலதான் ஏத்துனேன். உன் குரலைக் கெடுக்கணும்னு இல்ல" என்றார். பாப்பா அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அண்ணி துணிக் குவியலில் முகத்தை வைத்துக்கொண்டார். அந்த வீட்டில் நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் கதவோரம் நின்றேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொள்வார், உடைந்துபோவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். தன் விஷயம் அவருக்கு அதற்குள் பழசாகிவிட்டது மாதிரி இருந்தது.

"நீயும் கையை இறக்கிட்ட இல்ல?" என்றார்.

"ஆமாண்ணே."

"நீ மோட்டாரைத் தொட்டதே இல்லையேம்மா. உன் வேலை மெழுகு. மெழுகு சத்தம் போடாதே."

கூடத்தில் மோட்டார் அவர் கையில்தான் ஓடும். அதை நான் அப்போதுதான் யோசித்தேன். அவர் முன்னாலேயே யோசித்துவிட்டார்.

"இத்தனை வருஷம் எதுக்கும்மா என் பக்கத்துல வந்து உக்காந்த?" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் வந்ததை அப்போதுதான் பார்த்தேன், தன் காது போனதுக்கு வராத தண்ணீர்.

"மெழுகுக்கு வெளிச்சம் வேணும்லண்ணே. ஜன்னல் அங்கதான இருக்கு" என்றேன்.